கிழக்குக் கரையில் பூத்த உப்பு

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சின்னச் சண்டை. சண்டை பிடித்தவன் நான்தான். அறுபத்தாறு வயதில் ஒரு மனிதன் உப்புக்காகத் தொண்டை கிழியக் கத்தினான் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். என் மகனும் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

விசயம் இதுதான். பொழுதுபட்டு, மருமகள் விளக்கு வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிய நேரம். வேலிப் பொட்டுக்குள்ளால் பக்கத்து வீட்டுப் பிள்ளை தலையை நீட்டினாள். குடிவந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கையில் ஒரு கிண்ணம்.

“அக்கா, கொஞ்சம் உப்பு இருக்கோ? கறி கொதிக்குது, பாத்தால் போத்தில் வெறுமை.”

என் மருமகள் கையில் உள்ளதைக் கொடுத்துவிட்டுத் தான் பட்டினி கிடக்கிற சாதி. அப்படிப்பட்டவள் சொன்னாள்: “விளக்கு வைச்சாப்பிறகு உப்புக் குடுக்கிறேல்லை பிள்ளை. விடிய வாருமன்.”

அந்தப் பிள்ளையும் “ஓம் அக்கா, நான்தான் மறந்துபோனன்” என்று திரும்பிவிட்டாள். ஒருவருக்கும் கோபமில்லை. எங்கள் ஊரில் இது நாள்தோறும் நடக்கிற கதை. விளக்கு வைத்தபின் உப்பை வெளியே கொடுத்தால் இலட்சுமி கூடவே இறங்கிப் போய்விடுவாளாம். எனக்குத்தான் அந்த “விடிய வாருமன்” காதில் விழுந்ததும் என்னவோ செய்துவிட்டது. சாய்மனைக் கதிரையில் இருந்தவன் துள்ளி எழும்பி, “குடு! இப்பவே குடு!” என்று கத்தினேன். நாய் குரைத்தது. “மாமா, உங்களுக்குப் பிரஷர்” என்று மருமகள் ஓடிவந்தாள். நான் அடுப்படிக்குள் போய் உப்புச் சாடியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மேற்சட்டைகூட இல்லாமல், வேலிப் பொட்டில் முழங்கையைக் கீறிக்கொண்டு, அந்தச் சாடியைச் சாடியாகவே அடுத்த வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். டொக்டர் எனக்கு உப்பை அடியோடு நிற்பாட்டி ஆறு மாதம். இந்த வீட்டில் உப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரே ஆள் நான்தான்.

உப்புக்கு மணமில்லை என்பார்கள். சுத்தப் பொய். அந்தச் சாடியை நெஞ்சோடு பிடித்தபோது அடித்த மணத்தை நான் சாகும்வரை அடையாளம் சொல்வேன். வெயிலில் வெந்த சேறு, அழுகின சாதாளைக் கடற்பாசி, அதற்கு மேலே நாக்கு நுனியில் வந்து குத்துகிற ஒன்று. தொண்டைமானாற்றுக் கடல்நீரேரி ஆடி மாதத்தில் அப்படித்தான் மணக்கும். அந்த மணத்துக்குள் நான் மூன்று வருடம் உத்தியோகம் பார்த்தேன்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டொரு வருடம் முந்திய காலம். உரும்பிராயில் புகையிலைத் தோட்டம் செய்த குடும்பத்தில் முதன்முதல் கவுண்மேந்து உத்தியோகம் பார்த்தவன் நான். அம்மா என் வேட்டியை அரை மணித்தியாலம் மினுக்குவா. சைக்கிள் மணியை ஒழுங்கை முடக்கில் தேவையில்லாமல் இரண்டு முறை கூடுதலாக அடிப்பேன். இருபத்திரண்டு வயது, மீசை வந்தும் வராததுமாக. கிளாக்கர் என்றால் சும்மாவா!

வேலை உப்பு அலுவலகத்தில், நாங்கள் உப்புக் கந்தோர் என்று சொல்கிற இடம். அப்போது உப்பு விற்கிற உரிமை அரசாங்கத்துக்கு மட்டும்தான். விலைக்குள்ளேயே வரி ஒளிந்திருக்கும். குடிக்கிறவனுக்குத்தான் சாராய வரி, சுருட்டுக்காரனுக்குத்தான் புகையிலை வரி. உப்புக்கு அப்படி இல்லை. கஞ்சி குடிக்கிறவனும் கட்ட வேண்டும். ஆனால் இயற்கைக்கு இந்தச் சட்டம் தெரியாது, பாருங்கள். சோழகக் காற்று வீசத் தொடங்கி, கடல்நீரேரித் தண்ணீர் வற்றி, வெயில் ஏறினால், யாரும் கேட்காமலே கரை முழுக்க உப்புப் பூத்துவிடும். விடியப் போய்ப் பார்த்தால் பச்சையரிசி மாவைக் கொட்டிப் பரப்பினமாதிரிக் கிடக்கும். சனங்கள் அதை அள்ளிக்கொண்டு போனால் பிறகு அரசாங்கம் கிட்டங்கியில் சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிற உப்பை யார் வாங்குவது?

ஆகவே எங்கள் வருட வேலை இப்படி. தை, மாசியில் பழைய கடிதங்களுக்குப் பதில் எழுதுவது. பங்குனி, சித்திரையில் கிட்டங்கிக் கூரைக்குக் கிடுகு கேட்டு எழுதி, கிடைக்காமல் திரும்ப எழுதுவது. ஆனியில் நீரேரியைச் சுற்றி நடந்து எங்கே வெளுக்கிறது என்று பார்ப்பது. ஆடியும் ஆவணியும்தான் உயிர்நாடி. பூத்த உப்பை ஆள் பிடித்து மிதித்துச் சேற்றோடு சேற்றாக்குவது. ஐப்பசியில் மழை கொட்டி நீரேரி நிரம்பியதும் எல்லாரும் கதிரையில் சாய்ந்து நித்திரை கொள்வோம்.

ஒவ்வொரு வருடமும் பெரிய கந்தோரில் இருக்கிற பெரிய துரையிடமிருந்து முன்னுரிமைச் சுற்றறிக்கை ஒன்று வரும். முதலாவது, தானாக விளைந்த உப்பை ஒரு பிடி மிச்சமில்லாமல் அழித்தல். இரண்டாவது, வருடாந்த இருப்புப் பார்வை. அதற்காகக் கிட்டங்கிக் கதவுக்கு அரக்கு முத்திரை வைத்து மூன்று நாள் மூடி வைத்தல். மூன்றாவது, களவாக அள்ளுகிறவர்களைப் பிடித்தல். “சனங்களுக்குத் தட்டுப்பாடில்லாமல் உப்புக் கிடைக்கச் செய்தல்” என்பதும் அதில் இருந்தது. அது இரண்டாம் பக்கத்தில், கடைசி வரி. எங்கள் கந்தோரில் ஒருவரும் தாளைத் திருப்பியதில்லை. நானும் திருப்பவில்லை, பிறகுதான் திருப்பினேன்.

மிதிக்கிற வேலைக்குப் பக்கத்து மீன்பிடிக் கிராமமான கரையூர்ச் சனங்களைத்தான் பிடிப்போம். அதாவது, அந்த உப்பு யாருக்கு வேணுமோ அவர்களைக்கொண்டே அதை மிதிப்பித்தோம். உப்பைக் காலால் மிதிப்பது எவ்வளவு பாவம் என்று எங்கள் சனங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு கல் நிலத்தில் விழுந்தால் பொறுக்கிக் கண்ணில் ஒற்றுகிற ஆட்கள். அவர்கள் வரிசையாக நின்று, ஆளுக்கு ஒரு கல் எடுத்துக் கண்ணில் ஒற்றி, “அம்மா தாயே, பொறுத்துக்கொள்” என்று முணுமுணுத்துவிட்டு இறங்குவார்கள். நான் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேர் கூப்பிடுவேன். பொழுதுபட வேலை முடிந்ததும் ஒவ்வொருவரும் தொட்டித் தண்ணீரில் கால் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். விரல் இடுக்கில் அரசாங்கத்தின் உப்பு வீட்டுக்குப் போய்விடக் கூடாதல்லவா! இதையெல்லாம் நான் எவ்வளவு சிரத்தையாகச் செய்தேன் என்று நினைக்க இப்போது எனக்கே கன்னத்தில் போடலாம்போல இருக்கிறது.

அந்த வரிசையில் செல்லம்மா என்று ஒருத்தி. முப்பது வயதிருக்கும், கறுத்து மெலிந்த ஆள், புருசன் கரைவலை இழுக்கிறவன். அவள் தன் பெட்டையையும் கூட்டிக்கொண்டு வருவாள். பூமணி என்று பேர், நாலு நாலரை வயது. தாழம்பற்றை நிழலில் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு இருந்து, மிதிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் என்னிடம் கேட்டாள்: “ஐயா, உங்கடை வீட்டு உப்பையும் உப்பிடி மிதிச்சோ தாறவை?”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மிதித்தால்தான் உப்பு உண்டாகும் என்று அது நினைத்திருக்கிறது. செல்லம்மாவும் சிரித்தாள். பிறகு அவள் கரைக்கு வந்து நின்றபோது, பூமணி ஓடிப்போய்த் தாயின் கணுக்காலில் ஒட்டியிருந்த வெள்ளையை விரலால் வழித்து வாயில் வைத்தாள். காவற்காரர் கணபதிப்பிள்ளை என்னைப் பார்த்தார். சட்டப்படி அது களவு. நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன். என் உத்தியோக காலத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது என்று நினைக்கிறேன்.

அந்த வருடம் ஆவணியில் கிட்டங்கிக்கு முத்திரை வைத்த முதல் நாளே கரைவலையில் சூடை மீன் குவிந்தது. அப்படி ஒரு மீன்பாடு பத்து வருடத்தில் பட்டதில்லை என்றார்கள். கடற்கரை முழுக்க வெள்ளி. பச்சையாக விற்க ஆளில்லை, எல்லார் வீட்டிலும் அதே மீன். கருவாடு போட வேண்டும், அதற்கு உப்பு வேண்டும். வாடைக் காற்று தொடங்கிவிட்டால் வடகடலில் வள்ளம் இறக்க முடியாது. கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் அந்தச் சனங்களின் வயிற்றுக்கு இந்தக் கருவாடுதான் வழி. சோறில்லாவிட்டாலும் கருவாட்டைக் கொடுத்து மரவள்ளி வாங்கலாம். கிட்டங்கிக் கதவிலோ அரக்கு. உடைக்க எவனுக்குத் துணிவு!

மத்தியானம் செல்லம்மா என்னிடம் வந்தாள். கால் இரண்டும் உப்பில் வெந்து சிவந்திருந்தது.

“கிளாக்கர் ஐயா, கிட்டங்கி மூண்டு நாளைக்குத் திறவாதாம். மீன் நாளைக்குக் காலமையைத் தாண்டாது. மிதிச்சு அழிக்கிற உப்புத்தானே. எனக்கு ரெண்டு கடகம் காணும். வாடைக்கு எங்களுக்கு வேறை ஒண்டுமில்லை ஐயா.”

நான் அக்கம்பக்கம் பார்த்தேன். ஆனாலும், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கொடுக்க மனமிருந்தது.

“இஞ்சை பாரும். கிழக்குக் கரையை இண்டைக்கு மிதிக்க விடமாட்டன். எல்லாரும் போனாப்பிறகு பொழுதுபட வாரும். ரெண்டு கடகம் அள்ளும். நான் காணேல்லை.”

“அந்தச் சந்நிதியான் உங்களை நல்லா வைச்சிருப்பான் தம்பி” என்றாள். அதுவரை ஐயா, அப்போதுதான் தம்பி. எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. அரசாங்கத்தையே ஏமாற்றப் போகிற சூரன் நான் என்ற எண்ணம்.

சூரன் செய்த காரியத்தைக் கேளுங்கள். முதலில் கணபதிப்பிள்ளையை அங்கிருந்து கிளப்ப வேண்டும். என்ன சாட்டுச் சொல்வது? அன்றைய நாளறிக்கையைப் பெரிய கந்தோருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னேன். வழமையில் அது மறுநாள்தான் போகும். “இண்டைக்கே என்னத்துக்கு?” என்றார் மனிதன். “சொன்னதைச் செய்யும்” என்றேன். அறிக்கையில் என்ன எழுதினேன் தெரியுமா? “கிழக்குக் கரை மீதி” என்று எழுதினேன். உள்ளதை உள்ளபடி எழுதிப் பழகிய கை. தாளில் பொய் எழுத எனக்கு வராது, மனிதருக்கு வேண்டுமானால் சொல்வேன். முத்தான எழுத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டு அனுப்பினேன்.

பிறகு கரையில் கந்தோர் எங்களுக்குப் போட்டுத் தந்திருந்த தகரக் கொட்டிலில் தனியாகக் காத்திருந்தேன். வெயில் தாழ்ந்தது. கிழக்குக் கரை மஞ்சள் வெளிச்சத்தில் கிடந்தது, ஒரு காலடி படாமல். செல்லம்மா வரவில்லை. சந்நிதி முருகன் கோயில் மணி அடித்தது. மணி கேட்டதும் என் கை தானாகத் தீப்பெட்டியைத் தேடியது. பிறந்த நாளிலிருந்து பழகின பழக்கம். அரிக்கன் லாம்பைக் கொளுத்தி, கும்பிட்டு, கம்பியில் தொங்கவிட்டேன். தொங்கவிட்டுத் திரும்பினால், பத்தடி தூரத்தில் செல்லம்மா நிற்கிறாள். இடுப்பில் இரண்டு ஓலைக் கடகம், ஒன்றுக்குள் ஒன்று.

“பெட்டை நித்திரையாகட்டும் எண்டு பாத்திருந்தன் ஐயா” என்றாள். பிறகு லாம்பைப் பார்த்தாள். “கொளுத்திப் போட்டியளே.”

நான் லாம்பைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்தாள். அவள் கேட்கவில்லை. விளக்கு வைத்தபின் உப்பென்ற பேரையே வாயில் எடுக்காத சனம். நானும் ‘எடும்’ என்று சொல்லவில்லை. நாள் முழுக்க உப்பைக் கூலி கொடுத்து மிதிப்பித்தவன், அந்தப் பாவமெல்லாம் பாவமாகத் தெரியாதவன், விளக்கு வைத்தபின் ஒரு பிடி கொடுத்தால் உரும்பிராயில் எங்கள் வீட்டு இலட்சுமி எழும்பிப் போய்விடுவாள் என்று பயந்து நின்றேன். அரிக்கன் லாம்புக்கு அந்தக் கட்டுப்பாடு உண்டா என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது நாற்பது வருடத்துக்கு மேலாக யோசிக்கிறேன்.

“விடிய வாரும்” என்றேன். “இருட்டோடை வாரும். காகம் கரைய முந்தி எடுத்துக்கொண்டு போம்.”

“ஓம் ஐயா, அதுதான் நல்லம்” என்றாள். உண்மையைச் சொன்னால், அவள் முகத்தில் ஒரு ஆறுதல்கூட இருந்தது. பிள்ளை பெற்றவள், விளக்கு வைத்தபின் உப்பு எடுத்துப் பழி தேடிக்கொள்ள அவளுக்கும் பயம். கடகத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள்.

நான் அன்றிரவு அந்தக் கொட்டிலிலேயே நிம்மதியாக நித்திரை கொண்டேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எழுப்பியது லொறிச் சத்தம். நிலம் தெளியவில்லை. பெரிய துரை நிற்கிறார், கையில் என் அறிக்கை. பக்கத்தில் கணபதிப்பிள்ளை. லொறியில் வேறு பகுதியிலிருந்து பிடித்த இருபது ஆட்கள். கிழக்குக் கரை மீதியென்று உடனே அறிவித்ததற்குத் துரை என் தோளில் தட்டினார். கரையூர் ஆட்களையும் கூப்பிடு, ஒரு மணித்தியாலத்தில் முடிக்க வேணும் என்றார். ஒருத்தியை மட்டும் ஆள் போய்க் கூப்பிடத் தேவையிருக்கவில்லை. தாழம்பற்றைக்குப் பக்கத்தில் செல்லம்மா ஏற்கெனவே நின்றாள். சொன்னபடி, காகம் கரைய முந்தி.

இடாப்பை விரித்தேன். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டேன். என் குரல் நடுங்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

“செல்லம்மா.”

“ஓம்.”

கடகம் இரண்டையும் தாழையடியில் கவிழ்த்து வைத்தாள். குனிந்து ஒரு கல் எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். என்னை நிமிர்ந்து பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. இறங்கி மிதித்தாள். வெயில் ஏற முந்தி கிழக்குக் கரை கறுப்புச் சேறாகிவிட்டது. தொட்டியில் எல்லாரும் கால் கழுவினார்கள். அன்றைக்குத் துரையே பக்கத்தில் நின்று பார்த்தார்.

சூடை மீனை உப்பில்லாமல் காய வைத்துப் பார்த்தார்கள். கடல் தண்ணீரில் அலசியும் பார்த்தார்கள். மூன்றாம் நாள் தென்னை அடியில் கிடங்கு கிண்டித் தாட்டார்கள். கிட்டங்கி திறந்தது நாலாம் நாள். முத்திரை உடையாமல் இருந்தது என்று அறிக்கை எழுதினேன்.

அந்த வருட வாடை கொடியது. நான் கந்தோருக்குள் இருந்தேன், எனக்கென்ன! ஆனாலும் தை பிறந்ததும் மனம் கேட்கவில்லை. சம்பளக் காசில் கிட்டங்கியில் ஒரு மூடை உப்பு வாங்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கரையூருக்குப் போனேன். தையில் உப்பு! தண்ணீர் விடாய்த்தவன் செத்தபின் கிணறு வெட்டக் கிளம்பின கதைதான் எனக்கு. செல்லம்மா வீட்டுப் படலை கயிற்றால் கட்டியிருந்தது. பக்கத்து வளவில் வலை பொத்திக்கொண்டிருந்த கிழவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

“அதுகள் மன்னார்ப் பக்கம் போட்டுதுகள் தம்பி. பெட்டையை மார்கழியிலை காய்ச்சலுக்குக் குடுத்திட்டுதுகள். வயித்திலை ஒண்டுமில்லாத குஞ்சு, காய்ச்சலை எப்பிடித் தாங்கும்?” பிறகு சைக்கிளைப் பார்த்தார். “உதென்ன மூடை?”

“ஒண்டுமில்லை” என்றேன்.

அந்த மூடையைத் திருப்பி உரும்பிராய்க்கே கொண்டுவந்தேன். அம்மாவுக்குச் சந்தோசம். “என்ரை பிள்ளை கெட்டிக்காரன்” என்று சாடிகளில் நிரப்பினா. அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டுக் கறிக்கு அந்த உப்புத்தான். நானும் சாப்பிட்டேன். பூமணி கேட்டது ஒவ்வொரு கவளத்திலும் காதில் விழும். “உங்கடை வீட்டு உப்பையும் உப்பிடி மிதிச்சோ தாறவை?” ஓம் பிள்ளை, அப்படித்தான் தந்தார்கள்.

அடுத்த ஆடிக்கு முன் இடமாற்றம் கேட்டு எழுதி வேறு கந்தோருக்குப் போய்விட்டேன். அது விளக்கா, அல்லது உத்தியோகமா, எதற்கு நான் உண்மையில் பயந்தேன் என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். விளக்கைச் சாட்டுச் சொல்வது சுகமாக இருக்கிறது. ஆகவே அது பொய்யாகத்தான் இருக்கும்.

இப்போது அங்கே ஒன்றுமில்லை. தகரக் கொட்டில் இருந்த இடத்தில் எருக்கலை. கிட்டங்கிச் சுவரின் கல்லை யாரோ கிணறு கட்டக் கொண்டுபோய்விட்டார்கள். தொண்டைமானாற்று வாயில் அணை கட்டிக் கடலை மறித்த பிறகு கிழக்குக் கரையில் முந்தினமாதிரி உப்புப் பூப்பதில்லை என்றார்கள்; நான் போய்ப் பார்க்கவில்லை. உப்பை மிதிக்கச் சம்பளம் கொடுத்த ஒரு காலம் இருந்தது என்றால் என் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. கண்ணில் ஒற்றிவிட்டு மிதித்த கால்களும் இல்லை. சுற்றறிக்கைகளைக் கறையான் தின்றிருக்கும், இரண்டாம் பக்கத்தோடு சேர்த்து.

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு புதுப் பழக்கம். பொழுதுபட மருமகள் தீப்பெட்டியை எடுத்தால், “கொஞ்சம் பொறு பிள்ளை” என்கிறேன்.

“ஆரும் வரவேணுமே மாமா?”

“ஓம், ஒரு ஆள்” என்கிறேன். “பெட்டை நித்திரையாகினாப்பிறகுதான் வருவா.”

நல்ல பிள்ளை, மேலே ஒன்றும் கேட்பதில்லை. தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னோடு நின்று படலையைப் பார்க்கிறாள். இருட்டிக்கொண்டு வருகிறது.